3.2 கோடி பேருக்கு மொபைல் டேட்டா கட்... ஒரு 'எக்ஸ்பைரி டேட்' செய்த வேலை! சர்வர் சான்றிதழ்னா என்ன?

2018 டிசம்பர் 6. பிரிட்டனில் காலையில் எழுந்து போனை எடுத்தவர்களுக்கு மொபைல் டேட்டா இல்லை. ஓ2 நெட்வொர்க்கையும், அதன் டவர்களை நம்பி இயங்கும் மற்ற பிராண்டுகளையும் சேர்த்து சுமார் 3.2 கோடி வாடிக்கையாளர்கள். லண்டனில் அடுத்த பஸ் எப்போ வரும்னு காட்டும் போர்டுகளும் அவுட்! அதே நாளில் ஜப்பானில் சாஃப்ட்பேங்க் நெட்வொர்க்கும் படுத்தது.

ஹேக்கர் வேலையா? இல்லை. இரண்டு நிறுவனங்களுக்கும் கருவிகள் கொடுத்த எரிக்சன் சொன்ன காரணம்: சாஃப்ட்வேரில் இருந்த சான்றிதழ் காலாவதி ஆகிடுச்சு.

அது என்ன சான்றிதழ்?

பெரிய ஆப் எதுவும் ஒரே கம்ப்யூட்டரில் ஓடுவதில்லை. பல சர்வர்கள் சேர்ந்த 'கிளஸ்டர்'தான் அதை இயக்குகிறது. ஒரு சர்வர் இன்னொன்றிடம் பேசும் முன் "நீ யாரு?" என்று கேட்கும். அப்போது காட்டும் ஐடி கார்டுதான் இந்த சான்றிதழ். யாருக்குக் கொடுத்தது, யார் கொடுத்தது, எந்தத் தேதி வரை செல்லும் என எல்லாம் அதில் இருக்கும். தேதி முடிந்தால், நேற்று வரை ஒன்றாக வேலை பார்த்த சர்வரையே பக்கத்து சர்வர் உள்ளே விடாது.

எப்படி பார்ப்பது?

எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் சாஃப்ட்வேரில், சான்றிதழ் பட்டியலைக் கேட்க தனி வசதி இருக்கிறது. ஃபைல் எங்கே இருக்கு, யார் பெயரில், சீரியல் நம்பர், காலாவதி தேதி எல்லாம் வந்துவிடும். ஆனா ஒரு சிக்கல்: எந்த சர்வரிடம் கேட்கிறோமோ, அதன் பட்டியல் மட்டுமே வரும். ஒவ்வொரு சர்வரிலும் வேற வேற சான்றிதழ் வைத்திருந்தால், ஒவ்வொன்றிடமும் போய் கேட்கணும். பயன்படுத்தாமல் சேமிப்பில் கிடக்கும் பழைய சான்றிதழும் பட்டியலில் வரலாம். அதைப் பார்த்து பதற வேண்டாம்.

குபர்நெட்டிஸ் கிளஸ்டர் கதை இன்னும் சுவாரஸ்யம். குபேடிஎம் கருவியில் அமைத்தால், அங்கே பெரும்பாலான சான்றிதழ்களின் ஆயுள் வழக்கமாக ஒரு வருடம்தான். வெர்ஷன் அப்கிரேட் செய்யும்போது அதுவாகவே புதுப்பித்துக்கொள்ளும். அதனால், 'நல்லாத்தானே ஓடுது' என்று அப்கிரேடை ஒரு வருஷத்துக்கு மேல தள்ளிப்போடுபவர்கள்தான் மாட்டுவார்கள்! அட்மினின் சான்றிதழும் சேர்ந்தே முடிவதால், சரிசெய்ய வழக்கமாகக் கொடுக்கும் கட்டளைகளையும் கிளஸ்டர் ஏற்காது. எத்தனை நாள் பாக்கி என்று பார்க்க அதே கருவியில் ஒரு வரி கட்டளை இருக்கு. நாமே புதுப்பித்தால் சம்பந்தப்பட்ட சேவைகளை ரீஸ்டார்ட் செய்யணும். இல்லாட்டி புது கார்டை பீரோவில் பூட்டிவிட்டு பழசை மாட்டிக்கொண்டு போன கதைதான்.

இனி இன்னும் அடிக்கடி

பொது இணையதளங்களின் சான்றிதழ் ஆயுளைக் குறைக்க, சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் 2025 ஏப்ரலில் முடிவெடுத்தன. 398 நாளாக இருந்த உச்ச வரம்பு 2026 மார்ச் 15 முதல் 200, 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் வெறும் 47 நாள்!

உங்க பேங்க் இணையதளத்தின் சான்றிதழை நீங்களே பார்க்கலாம். குரோமில் முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் ஐகானைத் தொட்டு, இணைப்பு பாதுகாப்பு விவரத்துக்குள் போனால் தேதி தெரியும். ஆனா அது வாசல் கதவின் கார்டு மட்டும்தான். உள்ளே சர்வர்கள் தங்களுக்குள் காட்டிக்கொள்ளும் கார்டுகள் அங்கே தெரியாது.