கடன் தகவல் அறிக்கை: சரிபார்த்தலும் திருத்துதலும்

நாணயம் என்னும் சொல் தமிழில் காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாத நேர்மையையும் குறிக்கும். கடன் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஊரில் வாழ்ந்த காலத்தில் ஒருவருடைய நாணயத்தை ஊரே அறிந்திருந்தது. கணக்கில் தவறு நேர்ந்தால் நேரில் சென்று பேசித் தீர்த்துக்கொள்ளவும் முடிந்தது. இன்று அந்த இடத்தைக் கணினியில் பதிவான ஓர் அறிக்கை பிடித்துக்கொண்டுள்ளது. கடன் கேட்பவரை வங்கி மேலாளர் ஒருமுறையேனும் கண்டிராமல் இருக்கலாம். ஆனால் அவரைப் பற்றிய அறிக்கையை அவர் முன்னரே படித்திருப்பார். அந்த அறிக்கையில் பிழை இருந்தால், பிழைக்குக் காரணமல்லாத ஒருவர் அதன் விளைவைச் சுமக்க நேரிடுகிறது. எனவே, அதனைப் பார்வையிடுவதற்கும் திருத்துவதற்கும் சட்டம் அளித்துள்ள உரிமைகளைக் குடிமக்கள் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

சட்டம் பிறந்த வரலாறு

ஒரு வங்கியில் கடனைத் திருப்பிச் செலுத்தாதவர் மற்றொரு வங்கியில் புதுக்கடன் பெறுவதைத் தடுக்க, வங்கிகளிடையே தகவல் பரிமாற்றம் தேவை என்பது நெடுங்காலமாகவே உணரப்பட்டு வந்தது. 1999ஆம் ஆண்டில் என். எச். சித்திக்கி தலைமையில் ரிசர்வ் வங்கியின் பணிக்குழு இதனை ஆராய்ந்தது. அதனைத் தொடர்ந்து 2000ஆம் ஆண்டில் சிபில் எனப்படும் நிறுவனம் தொடங்கப்பட்டது. இத்தகைய நிறுவனங்களை நெறிப்படுத்தும் பொருட்டு 2005ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. 2006 டிசம்பரில் இது நடைமுறைக்கு வந்தது.

டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்கள் இச்சட்டத்தின்கீழ் பதிவு பெற்றுள்ளன. கடன் வழங்கும் நிறுவனங்கள் யாவும் இந்த நான்கிலும் உறுப்பினராக வேண்டும் என்று 2015ஆம் ஆண்டில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. ஆகவே, வங்கியில் வீட்டுக்கடன் பெற்றவர் மட்டுமன்றி, நிதி நிறுவனத்தில் இருசக்கர வாகனக் கடன் பெற்றவர், கடன் அட்டை வைத்திருப்பவர், சுய உதவிக் குழுவின் வழியே கடன் பெற்ற பெண்மணி ஆகியோரின் விவரங்களும் இவ்வறிக்கைகளில் இடம்பெறுகின்றன.

அறிக்கையில் காணப்படுபவை

அறிக்கையில் பொதுவாக நான்கு பகுதிகள் உள்ளன. முதலாவது, பெயர், பிறந்த தேதி, நிரந்தரக் கணக்கு எண், முகவரி முதலிய அடையாள விவரங்கள். இரண்டாவது, ஒவ்வொரு கடனின் தொகை, நிலுவை, தவணைகள் எத்தனை நாள் தாமதமாகச் செலுத்தப்பட்டன என்ற விவரம். மூன்றாவது, புதுக்கடன் கோரியபோது எந்தெந்த நிறுவனங்கள் அறிக்கையைக் கேட்டுப் பெற்றன என்ற பதிவு. நான்காவது, இவற்றின் அடிப்படையில் 300 முதல் 900 வரை கணக்கிடப்படும் மதிப்பெண்.

இவற்றுள் எப்பகுதியிலும் பிழை நேரலாம். ஒரே பெயரும் ஒரே பிறந்த தேதியும் கொண்ட வேறொருவரின் கடன் தவறான நபரின் கணக்கில் சேர்ந்துவிடலாம். அடைத்து முடித்த கடன் நிலுவையில் உள்ளதாகவே தொடரலாம். ஒருவர் வாங்காத கடன் அவருடைய ஆவணங்களைக் கொண்டு வேறு எவராலோ பெறப்பட்டிருக்கலாம்; இது பிழையன்று, மோசடி. அறிக்கையைப் பார்க்கும் நாளில்தான் இது பலருக்குத் தெரியவருகிறது.

பிழை போலத் தோன்றினும் பிழையல்லாதவையும் உண்டு. நண்பருக்கோ உறவினருக்கோ ஜாமீன் கையெழுத்திட்டவரின் அறிக்கையிலும் அக்கடன் இடம்பெறும். முழுத்தொகையையும் செலுத்தாமல், வங்கியுடன் சமரசம் செய்துகொண்டு குறைந்த தொகையில் தீர்த்த கடன், 'முடிக்கப்பட்டது' என்று குறிக்கப்படாமல் 'சமரசத் தீர்வு' என்றே குறிக்கப்படும். கடன்காரர் கடன் ஒழிந்தது என்று நிம்மதி அடைகிறார். அடுத்து அவருக்குக் கடன் கொடுக்க வேண்டியவரோ அந்தக் குறிப்பைக் கண்டு தயங்குகிறார். இவ்வேறுபாட்டைச் சமரசத்திற்கு உடன்படும் முன்னரே அறிந்துகொள்ளுதல் நலம்.

மாணவர்களுக்கும் தொடர்புடையதே

கடன் அறிக்கை செல்வந்தர்களுக்கும் வணிகர்களுக்கும் உரியது என்று கருதுவோர் உளர். கல்விக்கடன் பெறும் மாணவரின் கடன் வரலாறு அக்கடனுடனேயே தொடங்கிவிடுகிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். குறைந்த மதிப்பெண்ணை மட்டும் காரணமாகக் கூறிக் கல்விக்கடன் விண்ணப்பத்தை நிராகரிக்கலாகாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2023ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. மறுபுறம், பொதுத்துறை வங்கியொன்றில் வேலைக்குத் தேர்வான ஒருவரின் நியமனம், கடன் வரலாற்றில் கண்ட குறைபாடுகளின் காரணமாக ரத்து செய்யப்பட்டதைச் சென்னை உயர்நீதிமன்றம் 2025ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. ஆகவே, கடன் அறிக்கை இன்று கடனோடு மட்டுமின்றிப் பிழைப்போடும் தொடர்புடையதாகிவிட்டது.

பார்வையிடும் உரிமை

நான்கு நிறுவனங்களில் ஒவ்வொன்றும், கேட்பவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பெண்ணுடன் கூடிய முழு அறிக்கையைக் கட்டணமின்றி மின்னணு வடிவில் அளிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016 செப்டம்பரில் அறிவித்தது. நான்கையும் ஒரே நாளில் பெறலாம். அன்றி, மூன்று மாதங்களுக்கு ஒன்றாகப் பெற்று ஆண்டு முழுவதும் கண்காணித்து வரலாம். ஒருவர் தம் அறிக்கையைத் தாமே பார்ப்பதால் மதிப்பெண் குறைவதில்லை.

திருத்தத்தின் வழி

திருத்தத்தைப் பொறுத்தவரையில் பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. தகவல் நிறுவனம் எதனையும் தானாகத் திருத்த இயலாது. சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, திருத்தம் சரியானது என்று சம்பந்தப்பட்ட கடன் வழங்கும் நிறுவனம் சான்றளித்த பின்னரே பதிவை மாற்ற முடியும். அதாவது, பிழையைச் செய்த நிறுவனமே அதனைப் பிழையென்று ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாடு, போலிக் கோரிக்கைகளால் உண்மைப் பதிவுகள் அழிந்துவிடாமல் காக்கிறது. ஆனால், சாமானியர் வங்கிக்கும் தகவல் நிறுவனத்திற்கும் இடையே மாறி மாறி அலையும் நிலையும் இதனாலேயே ஏற்பட்டது.

இக்குறையைப் போக்கவே காலவரம்பு விதிக்கப்பட்டுள்ளது. முறையீடு பெறப்பட்ட 30 நாட்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. முறையீட்டை வங்கியிடமும் அளிக்கலாம், தகவல் நிறுவனத்திடமும் அளிக்கலாம். 30 நாட்களுக்குள் தீர்வு கிடைக்காவிடில், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வீதம் முறையிட்டவருக்கு இழப்பீடு வழங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் ஆணையிட்டது. 2024 ஏப்ரல் முதல் இது செயலுக்கு வந்தது. முதல் 21 நாட்களுக்குள் கடன் வழங்கிய நிறுவனம் திருத்திய தகவலை அனுப்பத் தவறினால் இழப்பீடு அதன் பொறுப்பு. அது உரிய காலத்தில் அனுப்பியும் தகவல் நிறுவனம் தாமதித்தால், இழப்பீடு தகவல் நிறுவனத்தின் பொறுப்பு. கோரிக்கையை ஏற்க மறுத்தால் அதற்கான காரணத்தையும் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். மதிப்பெண்ணைக் கணக்கிடும் முறை பற்றிய முறையீடுகளுக்கு இந்த இழப்பீடு பொருந்தாது.

முறையீடு வாய்மொழியாக இருந்தால் நாட்களை எண்ண வழியில்லை. எனவே அதனை எழுத்து மூலம் அளித்து, அதற்குரிய எண்ணையும் தேதியையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். எந்தக் கணக்கில், எந்தப் பதிவு, எவ்வாறு தவறாக உள்ளது என்பதைத் தெளிவாகச் சுட்ட வேண்டும். கடன் முடிந்ததற்கான நிலுவையின்மைச் சான்று, பணம் செலுத்திய ரசீதுகள் ஆகியவற்றின் நகல்களை இணைக்க வேண்டும். ஒருவர் பெறாத கடன் அவர் பெயரில் இருப்பின், காவல் துறையிலும் புகார் அளித்தல் அவசியம்.

நிறுவனத்தின் பதில் நிறைவளிக்காவிட்டாலோ, 30 நாட்களில் பதிலே வராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கடன் தகவல் நிறுவனங்கள் 2022 செப்டம்பர் முதல் இவருடைய அதிகார எல்லைக்குள் கொண்டுவரப்பட்டன. இதற்குக் கட்டணம் ஏதுமில்லை. வழக்கறிஞரும் தேவையில்லை. இவ்வளவு வழிகள் இலவசமாக இருக்கையில், பணம் பெற்றுக்கொண்டு மதிப்பெண்ணை உயர்த்தித் தருவதாகக் கூறும் இடைத்தரகர்களிடம் மக்கள் ஏமாறுவது வருந்தத்தக்கது. உண்மையான பதிவை எவராலும் விலைக்கு நீக்க முடியாது. தவறான பதிவை நீக்க விலை தேவையில்லை.

அலுவலர்களின் பொறுப்பு

பிழையைத் திருத்துவதினும் பிழை நேராமல் தடுப்பதே சிறந்தது. 2025 ஜனவரி முதல் கடன் வழங்கும் நிறுவனங்கள் குறைந்தது பதினைந்து நாட்களுக்கு ஒருமுறையேனும் புதிய தகவல்களை அனுப்ப வேண்டும் என்று விதிக்கப்பட்டது. கடைசித் தவணையைப் பெற்ற அன்றே கணக்கை முறையாக முடித்துவைக்கும் கிளை அலுவலரும், பெயரையும் பிறந்த தேதியையும் ஆவணத்துடன் ஒப்பிட்டுப் பதிவு செய்யும் எழுத்தரும் இத்திட்டத்தின் வெற்றிக்கு அடித்தளமாவர். அவர்களுக்கு அது ஒரு பதிவு. கடன் கேட்டு நிற்கும் நெசவாளிக்கோ, வேலை தேடும் பட்டதாரிக்கோ அது அவருடைய நாணயம்.

சட்டம் உரிமையை வழங்கியுள்ளது. காலவரம்பும் இழப்பீடும் அதற்கு வலுச் சேர்த்துள்ளன. ஆயினும், ஒருவர் வாங்கிய கடன் எது, வாங்காத கடன் எது என்பதை அவரைவிட நன்கறிந்தவர் வேறெவரும் இலர். கடன் கிடைக்காமல் திரும்பிய நாளில் அறிக்கையைத் தேடுவதைவிட, ஆண்டுதோறும் அதனைப் படித்துப் பார்க்கும் பழக்கத்தை மேற்கொள்வதே அறிவுடைமையாகும்.