கருப்பு சன்னலில் ‘அம்பத்தூர்’ எத்தனை கட்டம்?

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் தொடங்கியபோது அங்கே கேட்டது லேத் சத்தம். இப்போது பேட்டையிலும் அதைச் சுற்றியும் டேட்டா சென்டர்கள் எழும்பியிருக்கின்றன. என்டிடி வந்துவிட்டது, ஜியோவும் புரூக்ஃபீல்டும் டிஜிட்டல் ரியல்டியும் கூட்டாக நடத்தும் டிஜிட்டல் கனெக்ஷன் 2024-ல் தன் முதல் மையத்தை இங்கேதான் திறந்தது. உள்ளே அடுக்கியிருக்கும் சர்வர்களுக்குத் திரையும் இல்லை, மவுஸும் இல்லை. அவற்றைப் பராமரிப்பவர் எங்கிருந்தோ தன் கணினியில் ஒரு கருப்பு சன்னலைத் திறந்து, கட்டளைகளைத் தட்டி வேலை வாங்குகிறார். அந்த சன்னலைத்தான் டெர்மினல் என்கிறார்கள். முழுப்பெயர் டெர்மினல் எமுலேட்டர்.

பெயருக்கேற்ப, அது இன்னொரு கருவியாக நடிக்கும் மென்பொருள். ஒரு காலத்தில் பெரிய கணினியோடு பேச, காகிதச் சுருளில் நொடிக்கு 10 எழுத்து அச்சடிக்கும் டெலிடைப் இருந்தது. பிறகு திரை வந்தது. 1978-ல் டெக் நிறுவனம் வெளியிட்ட விடி100 கருவியில் ஒரு வரிக்கு 80 கட்டம், மொத்தம் 24 வரி, கட்டத்துக்கு ஓர் எழுத்து. கருவி காயலான் கடைக்குப் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. அதன் கட்டக் கணக்கு மட்டும் போகவில்லை. இன்று நாம் நிறுவும் புத்தம் புது டெர்மினலும் தன்னை விடி100-இன் வாரிசாகவே காட்டிக்கொள்கிறது.

ஆங்கிலத்துக்கு இதில் சிக்கல் எதுவும் இல்லை. தமிழில்தான் வம்பு. ‘ஆவடி’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ட தனி, அதன் இகரக் குறி தனி. ஆக நான்கு குறியீடுகள். கோப்பில் சேமித்தால் 12 பைட். ‘அம்பத்தூர்’ கண்ணுக்கு ஆறு எழுத்து, யூனிகோடில் பத்துக் குறியீடு. இதற்கு டெர்மினல் எத்தனை கட்டம் ஒதுக்க வேண்டும்?

பழைய நிரல்கள் பலவற்றின் விடை: ஏழு. புள்ளிக்கு இடம் கொடுக்காத அந்தக் கணக்கு, ‘தூ’வின் ஊகாரக் குறிக்கு மட்டும் தனிக் கட்டம் கொடுத்துவிடுகிறது. யூனிகோட் அட்டவணையில் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் அடைக்காத வகை. மற்ற உயிர்க்குறிகள் எல்லாம் இடம் அடைக்கும் வகை. அதனால் ‘டீ’ ஒரு கட்டம், ‘டி’ இரண்டு கட்டம் என்ற வேடிக்கையும் உண்டு. சர்வரில் ஓடும் நிரல் ஏழு என்று எண்ணி, நம் டெர்மினல் ஆறு என்று எண்ணினால் கர்சர் ஒரு கட்டம் தள்ளிப்போய் நிற்கும். அழித்தால் எச்சம் திரையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பெயர்ப் பட்டியலின் பத்திகள் கோணிக்கொள்ளும்.

‘கொ’வின் கதை இன்னும் மோசம். கணினி க-வை முதலில் வைத்து, ஒகரக் குறியை அதன்பின் வைக்கிறது. திரையிலோ கொம்பு இடப்பக்கம் வர வேண்டும். கட்டம் கட்டமாகத் தனித்தனியே வரையும் டெர்மினல், க ஒரு கட்டத்தில், புள்ளி வட்டத்தோடு அநாதையாகக் கொம்பும் காலும் அடுத்த கட்டத்தில் என்று காட்டிவிடும். டைப்ரைட்டிங் பயிற்சிக்குப் போனவர்களுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை: கொம்பு, க, கால் என்று கண் பார்க்கும் வரிசையிலேயே தட்டினார்கள்.

எழுத்துக்கு ஒரு குறியீடு என்று வைத்திருந்தால் எண்ணுவது எளிதாக இருந்திருக்கும். தமிழக அரசு 2010-ல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட டேஸ்-16 முறை அப்படிப்பட்டதுதான். ஆனால் உலகம் யூனிகோடிலேயே நின்றுவிட்டது. இனி டெர்மினல்தான் எண்ணக் கற்றுக்கொள்ள வேண்டும்.

புதிய டெர்மினல்களை விற்கிறவர்கள் வேகத்தைப் பேசுகிறார்கள். அலக்ரிட்டி, கிட்டி, 2024 டிசம்பரில் வந்த கோஸ்டி என எல்லாமே கிராபிக்ஸ் சிப்பை வைத்து எழுத்தை வரைகின்றன. கண்ணுக்குக் குளிர்ச்சிதான், தமிழருக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. லாபம் வேறிடத்தில் இருக்கிறது. கோஸ்டியும் விண்டோஸ் டெர்மினலின் 1.22 பதிப்பும் குறியீடுகளைத் தொகுத்து, மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்த ஓர் எழுத்தை ஒரே அலகாக எண்ணுகின்றன. கிட்டியை எழுதியவர் கோவித் கோயல் என்ற இந்தியர். மின்னூல் வாசகர்கள் அறிந்த காலிபரும் அவருடையதே. 2025-ல் வந்த கிட்டி 0.40, இன்னொரு வழியைத் திறந்தது: இந்தத் துண்டுக்கு இத்தனை கட்டம் என்று நிரலே டெர்மினலிடம் சொல்லிவிடலாம். இரண்டு பக்கமும் தனித்தனியே ஊகிக்க வேண்டியதில்லை. எனக்கு இதுவே நேர்மையான தீர்வாகப் படுகிறது, ஆனால் நிரல் எழுதுபவர்கள் அதைக் கையாண்டால்தான் பலன்.

ஆகவே நம் பக்கம் டெர்மினலை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. எதிர்ப்பக்கம் சர்வரில் பழைய நிரல் நூலகங்கள் இருந்தால் பழைய எண்ணிக்கைதான் வரும். தொகுத்து எண்ணும் முறைக்கும் ஓட்டை உண்டு: யூனிகோடின் பொது விதியில் ‘க்ஷ’ இன்னமும் இரண்டு அலகு.

டெர்மினல்மேல் போடக்கூடாத பழி ஒன்றும் இருக்கிறது. கிட் மென்பொருளில் தமிழ்ப் பெயருள்ள கோப்பு \340\256\206 என்று எண்களாகத் தெரிந்தால், அது கிட் தானாகச் செய்யும் வேலை. அதன் அமைப்புகளில், பாதைப் பெயரை மேற்கோளிட்டு மாற்றும் ‘கோட்பாத்’ என்ற விருப்பத்தை அணைத்தால், ஆ ஆவாகவே வரும்.