கபாலிக்கு இங்கே எழுதப்பட்ட முடிவு

2016 ஜூலை 22 அன்று வெளியான ‘கபாலி’ மலேசியத் தமிழரின் கதை. தோட்டத் தொழிலாளரின் கூலிக்காகக் குரல் கொடுத்து, பிறகு கும்பல் தலைவனாகி, இருபத்தைந்து ஆண்டு சிறையிலிருந்து மீளும் ஒருவரைப் பற்றியது. அதற்கு இயக்குநர் பா. இரஞ்சித் வைத்த முடிவைச் சென்னையில் பார்த்தார்கள். இங்கே மலேசியாவில், பாகான் டாலாமிலிருந்து படத்துக்குப் போனவர்கள் பார்க்கவில்லை. மூலப் படத்தில், கபாலியின் பள்ளியில் படித்த இளைஞன் ஒருவன் போலீசாரின் தூண்டுதலால் அவரை நெருங்குகிறான். திரை இருண்டு துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்கிறது. அதன் பிறகு என்ன ஆயிற்று என்று படம் சொல்வதில்லை. மலேசியப் பிரதியிலோ, கபாலி போலீசில் சரணடைந்துவிட்டதாகத் தணிக்கைக்காகச் சேர்க்கப்பட்ட ஒரு வரி திரையில் வந்தது. யாருடைய வாழ்க்கையைச் சொல்ல எடுத்தார்களோ, அவர்களுக்கே வேறு முடிவு!

ஒரு படைப்பிலிருந்து எதையாவது எடுத்துவிடுவதைவிட, அதில் எதையாவது எழுதிச் சேர்ப்பது பெரிய தலையீடு என்பேன். 2018 ஆகஸ்டில் ஜார்ஜ்டவுன் விழாவின் புகைப்படக் கண்காட்சியிலிருந்து நிஷா அயூப், பாங் கீ தேக் ஆகிய இருவரின் படங்கள் அகற்றப்பட்டன. இருவரும் பாலினச் சிறுபான்மையினரின் உரிமைக்காகப் பேசுகிறவர்கள். தேசியக் கொடியோடு எடுக்கப்பட்ட படங்கள் அவை. சமய விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சர் முஜாஹிட் யூசோப் ராவா, அகற்றச் சொன்னது தாமே என்று ஒப்புக்கொண்டார். அது தவறான முடிவுதான். ஆனாலும் யார் சொன்னது, எது போனது என்று ஊருக்குத் தெரிந்தது, கண்டிக்கவும் முடிந்தது. சேர்க்கப்பட்ட வரிக்கு அப்படிக் கேள்வி எழாது. பார்ப்பவர் அதை இரஞ்சித்தின் சொல்லாகவே எடுத்துக்கொள்வார்.

குண்டர் கும்பல் சிக்கல் நம் பிள்ளைகளைத் தின்கிறதே, அந்த வரி நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கவலையை நான் தள்ளவில்லை. 2013இல் உள்துறை அமைச்சு வெளியிட்ட கணக்கில் கும்பல் உறுப்பினர்களில் பத்தில் ஏழு பேர் இந்தியர். ஆனால் பள்ளி நடத்தித் திருந்தப் பார்க்கும் ஒரு மனிதரையும் பழைய வன்முறை தேடி வருகிறது என்ற மூல முடிவைவிட, ‘சரணடைந்தார்’ என்ற வரி எந்த இளைஞனை உலுக்கும்? அந்த வரி இன்னொரு வேலையும் செய்தது: போலீசாரைப் பற்றி இயக்குநர் எழுப்பிய கேள்வியை மழுங்கடித்தது. இந்த மண்ணிலேயே பிறந்த ‘ஜகாட்’ படத்தைப் பாருங்கள். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் கும்பலில் எப்படிச் சிக்குகிறார்கள் என்பதை சஞ்சய் குமார் பெருமாள் உபதேசமில்லாமல் காட்டினார். 2016இல் அதுவே மலேசியாவின் சிறந்த படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

படக்குழு சம்மதித்துத்தானே வெளியிட்டது என்பது அடுத்த வாதம். 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி, தணிக்கை வாரியத்தின் ஒப்புதலின்றி எந்தப் படமும் இங்கே திரையேறாது. பெரும் முதலீடு போட்ட தயாரிப்பாளர் வெளியீட்டு நாளை முன்னால் வைத்துக்கொண்டு தரும் சம்மதத்தை முழு விருப்பமாகக் கொள்ள முடியாது. சட்டம் இன்றைக்கே மாறிவிடாது என்பதும் தெரியும். குறைந்தது ஒன்றைச் செய்யலாம்: தணிக்கைக்காக ஒரு வரி சேர்க்கப்பட்டால், அது தணிக்கைக்காகச் சேர்க்கப்பட்டது என்பதையும் அதே திரையில், அதே எழுத்தளவில் போடட்டும்.