கழித்துவிடப்படும் சாவுகள்

2023ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கிக் குண்டுபட்டுச் செத்தவர்கள் 46,728 பேர். துப்பாக்கிக் கட்டுப்பாடு கோருபவர்கள் இந்த எண்ணிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்கள். எதிர்த்தரப்பு உடனே ஒரு கழித்தல் கணக்குப் போடும். இதில் 27,300 பேர் தற்கொலை, அதை எடுத்துடுங்க. தானே சுட்டுக்கிட்டுச் செத்தவனுக்குத் துப்பாக்கி என்ன பண்ணும்? மிச்சம் 19,428. இந்த மிச்சத்தில் கொலை 17,927, போலீஸ் சுட்டது 604, விபத்து 463, இன்னதென்று தீர்மானிக்க முடியாதவை 434. இரு தரப்பார் கையிலும் இருப்பது ஒரே அட்டவணை. நோய்க் கட்டுப்பாட்டு மையம் என்கிற அரசு நிறுவனம் இறப்புச் சான்றிதழ்களிலிருந்து தொகுத்தது. எந்தச் சாவைத் துப்பாக்கியின் கணக்கில் எழுதுவது, எதைச் செத்தவனின் கணக்கிலேயே எழுதிவிட்டுப் போவது என்று கேட்கும்போதுதான் சண்டை வருகிறது.

புள்ளிவிவரத்தை மரத்திலிருந்து பறித்து வந்த பழம் மாதிரி பாவிக்கிற வழக்கம் நமக்கு உண்டு. ஆனால் 'தற்கொலை', 'கொலை', 'விபத்து' என்று எந்தப் பிணத்தின் மேலும் எழுதியிருப்பதில்லை. ஒரு மரண விசாரணை அதிகாரி எழுதுகிறார். அமெரிக்காவின் பல கவுன்டிகளில் இவர் தேர்தலில் நின்று ஜெயித்து வருபவர்; டாக்டராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. தற்கொலை பற்றிய தன் நூலை 1897இல் துர்கைம் அரசுப் பதிவேடுகளை நம்பி எழுதினார். 1967இல் ஜாக் டக்ளஸ் அந்த நம்பிக்கையையே கேள்விக்கு உட்படுத்தினார்: பதிவேட்டில் நாம் காண்பது அதிகாரிகள் தற்கொலை என்று தீர்த்துவைத்தவற்றை மட்டுமே. துப்பாக்கி விஷயத்தில் இது இன்னும் வெளிப்படை. ஒரு சிறுவன் அப்பாவின் துப்பாக்கியை எடுத்து விளையாடித் தங்கச்சியைச் சுட்டுவிட்டால், ஒரு ஊரில் அது விபத்து. இன்னொரு ஊரில், ஒருவர் கையால் மற்றவர் இறந்தார் என்பதால், கொலை. போலீஸ் சுட்டது 604 என்றேன். 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ் தனியாக வைத்திருந்த கணக்கில் அதே 2023இல் அது ஆயிரத்துக்கும் மேல். சான்றிதழில் போலீஸ் என்ற சொல் விடுபட்டால் அந்தச் சாவு 'கொலை'ப் பெட்டிக்குள் போய் விழுந்துவிடும். (எல்லாமே கட்டமைப்புதான், எண்ணாவது மண்ணாவது என்று நம் நண்பர்கள் சிலர் இங்கேயே கட்டுரையை முடித்துவிடுவார்கள். பிணங்கள் அப்படிக் கரைந்துபோவதில்லை.)

இந்த விவாதத்தில் மந்திரம்போல் உச்சரிக்கப்படும் எண் ஒன்று உண்டு: 43. வீட்டில் துப்பாக்கி வைத்திருந்தால், அது திருடனைக் கொல்வதைவிட 43 மடங்கு அதிகமாக வீட்டாரையோ தெரிந்தவரையோ கொல்லும் என்பார்கள். இது எங்கிருந்து வந்தது? ஆர்தர் கெல்லர்மன், டொனால்ட் ரே என்ற இரு மருத்துவர்கள் 1986இல் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழி'ல் எழுதிய கட்டுரையிலிருந்து. வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுன்டியில் 1978 முதல் 1983 வரை துப்பாக்கியால் நேர்ந்த 743 சாவுகளை எடுத்துக்கொண்டார்கள். அதில் 398, துப்பாக்கி வைத்திருந்த அதே வீட்டுக்குள் நடந்தவை. வீட்டுக்குள் நுழையப் பார்த்தவனைச் சுட்டது 2, மற்றபடி தற்காப்புக்காகச் சுட்டது 7, ஆக 9. தற்காப்பில் நேர்ந்த ஒவ்வொரு சாவுக்கும் விபத்து 1.3, குற்றக் கொலை 4.6, தற்கொலை 37. கூட்டினால் 43.

இந்த 43இல் 37 தற்கொலை என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை. கேட்பவர் மனதில் எழுவது கணவன் மனைவியைச் சுடுகிற காட்சி, குடித்துவிட்டு நண்பனைச் சுடுகிற காட்சி. கெல்லர்மன் மறைக்கவில்லை, பிரித்துத்தான் எழுதியிருந்தார். அதை ஒற்றை எண்ணாக்கி ஊர்வலம் விட்டவர்கள் மறைத்தார்கள். எதிர்த்தரப்பு இதைக் கண்டுபிடித்ததும் குதித்தது. இரண்டு ஆட்சேபங்கள், அவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

முதலாவது நியாயமானது. துப்பாக்கி தரும் பாதுகாப்பைச் செத்த திருடர்களை எண்ணி அளக்க முடியாது. காட்டியதும் ஓடிப்போனவன் பிணவறைக்கு வரமாட்டான். கட்டுரையாளர்களே இதை ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஓடிப்போனவர்களை எண்ணப் புறப்பட்ட கேரி கிளெக், மார்க் கெர்ட்ஸ் இருவரும் 1995இல் சொன்ன எண், ஆண்டுக்கு 25 லட்சம் தற்காப்புகள்! ஏறக்குறைய ஐயாயிரம் பேரைத் தொலைபேசியில் கேட்டதில், நூற்றுக்கு ஒருவர் சொச்சம் 'ஆமா, நான் துப்பாக்கியை எடுத்துத் தப்பிச்சேன்' என்றார்கள். அதை நாட்டு ஜனத்தொகையால் பெருக்கினார்கள். டேவிட் ஹெமன்வே 1997இல் இதன் ஓட்டையைக் காட்டினார். அரிதான ஒன்றைப் பற்றிக் கேட்கும்போது, நடக்காததை நடந்ததாகச் சொல்ல 99 பேர் இருக்கிறார்கள், நடந்ததை மறைக்க ஒருவர்தான். நூற்றுக்கு ஒருவர் கதை விட்டாலே போதும், கோடிக்கணக்கான பெரியவர்கள் உள்ள நாட்டில் லட்சங்கள் முளைத்துவிடும். அரசின் குற்றப் பாதிப்பு ஆய்வு அந்தக் காலத்துக்குத் தந்த எண் ஒரு லட்சத்தை ஒட்டியது அல்லது அதற்கும் கீழ்.

இரண்டாவது ஆட்சேபம்தான் கழித்தல். தற்கொலையை எடுத்துவிட்டால் 43, ஆறாகச் சுருங்கிவிடும். அப்படி எடுத்துவிடலாமா? எடுப்பவர்கள் இதை வெறும் கணக்காகவே காட்டுகிறார்கள். அதற்குள் ஒரு கோட்பாடு ஒளிந்திருக்கிறது: சாகணும்னு முடிவு பண்ணினவன் துப்பாக்கி இல்லாட்டி வேற வழி பாப்பான். நம்மூர்த் திண்ணையிலும் கேட்கிற வாக்கியம்தான். முழுக்க இறையாண்மை கொண்ட, தீர்மானமான ஒரு தன்னிலையை, அது சாகத் துணிந்த வேளையில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்.

இந்தக் கோட்பாட்டைச் சோதித்துப் பார்க்க வரலாறு சில சந்தர்ப்பங்களைத் தந்திருக்கிறது. 1960களில் பிரிட்டனில் சமையல் எரிவாயுவிலிருந்த நச்சு படிப்படியாகக் குறைந்தது; காரணம் எரிபொருள் தொழிலின் சிக்கனம், தற்கொலைத் தடுப்பு யார் மனதிலும் இல்லை. இங்கிலாந்து, வேல்ஸில் 1963இல் 5,714ஆக இருந்த மொத்தத் தற்கொலை 1975இல் 3,693. எல்லாரும் வேறு வழி பார்த்திருந்தால் இது குறைந்திருக்காது. இலங்கை நமக்கு இன்னும் அருகில். 1990களின் நடுவில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை விகிதங்களில் ஒன்று அங்கே, லட்சத்துக்கு 47. 1995இலும் 1998இலும் மிகக் கொடிய பூச்சிமருந்துகள் தடைசெய்யப்பட்டன. 2005 வாக்கில் விகிதம் பாதியானது. போர் ஓயவில்லை, வறுமையும் தீரவில்லை. கைக்கெட்டிய பொருள் மட்டும் மாறியது.

துப்பாக்கி இவ்வகையில் ஈவிரக்கமற்றது. அதைத் தன்மேல் திருப்பிக்கொண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைப்பதில்லை. வேறு பல வழிகளில் முயன்றவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். பிழைத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பின்னால் தற்கொலையால் சாவதில்லை. 'சாகறதுக்குன்னே வாங்கறவன் வாங்கறான்' என்று ஒரு மறுப்பு வரலாம். கலிஃபோர்னியாவில் 2.6 கோடிப் பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2020இல் வெளிவந்த ஆய்வு அதைப் பரிசீலித்தது. வாங்கிய புதிதில் ஆபத்து உச்சம், மெய்தான். ஆனால் கைத்துப்பாக்கி உடையவர்கள் அதால் செய்துகொண்ட தற்கொலைகளில் பாதிக்குமேல், வாங்கி ஓராண்டு கழிந்த பிறகு நடந்தவை. அதுவரை அது அலமாரியில் சும்மா கிடந்தது.

இதனால் கட்டுப்பாட்டுத் தரப்பு சுத்தம் என்று ஆகிவிடாது. மொத்தத்தைப் பெரிதாக்கத் தற்கொலைகள் வேண்டும். சுவரொட்டிக்குப் பள்ளிக்கூடத் துப்பாக்கிச் சூடு வேண்டும். அவர்கள் கேட்கும் சட்டம் பெரும்பாலும் ராணுவபாணித் துப்பாக்கிகள் மீதானது. செத்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றதோ சாதாரணக் கைத்துப்பாக்கி. 2020இல் குழந்தைகள் சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கி என்றார்கள். அந்தக் கணக்கில் 18, 19 வயதினர் உண்டு, ஒரு வயது நிரம்பாதவர்கள் இல்லை. 'குழந்தை' என்ற சொல் இதைச் சொல்லாது.

கழிப்பவர்கள் ஒருமுறையோடு நிறுத்துவதுமில்லை. தற்கொலையில் சாவோரில் கணிசமானோர் வயதான வெள்ளை ஆண்கள்; கொலையில் சாவோரில் கறுப்பின இளைஞர்கள், அவர்களது ஜனத்தொகைப் பங்கைவிடப் பல மடங்கு. முதல் கழித்தலில் வெள்ளைக் கிழவர் போகிறார், அது அவர் இஷ்டம். அடுத்த கழித்தலில் கறுப்பு இளைஞன் போகிறான், அது கும்பல் தகராறு. முடிவில் அமெரிக்கா ஸ்விட்சர்லாந்துபோல் அமைதியாகிவிடுகிறது. செத்த ஒவ்வொருவருக்கும் அவர் ஏன் கணக்கில் வரமாட்டார் என்று ஒரு காரணம் தயாராக இருக்கிறது.

எண்ணாமலே விட்டுவிட இன்னும் சுலபமான வழி இருந்தது. கெல்லர்மனின் இன்னொரு ஆய்வு 1993இல் வந்த பிறகு, துப்பாக்கிச் சங்கத்தின் நெருக்கடியில் 1996இல் நாடாளுமன்றம் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் நிதியில் 26 லட்சம் டாலரை வெட்டியது; சரியாக, முந்தைய ஆண்டு துப்பாக்கி ஆய்வுக்குச் செலவான தொகை. மையத்தின் பணம் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கப் பயன்படக் கூடாது என்றொரு வாசகமும் சேர்ந்தது. ஆய்வுக்குத் தடை என்று அதில் இல்லை. மையத்துக்குப் புரிந்துவிட்டது, அவ்வளவுதான். 1986இன் 43 இத்தனை காலம் மேடைகளில் உயிரோடிருந்ததற்கு இந்தப் பஞ்சமும் ஒரு காரணம். அந்த வாசகத்துக்குத் தன் பெயரைத் தந்த ஜே டிக்கி என்ற உறுப்பினர், 2012இல் தன் பழைய எதிராளியான மார்க் ரோசன்பெர்கோடு சேர்ந்து, ஆராய்ச்சி நடக்க வேண்டும் என்று எழுதினார். அவர் 2017இல் இறந்தார். பணம் மறுபடி ஒதுக்கப்பட்டது 2019 டிசம்பரில்.