பாட்டு இல்லை... தாளம் இல்லை... ஆனாலும் இது இசைதான்!

தென்காசி:

குற்றாலம் சீசனில் அருவிக்குப் பக்கத்தில் ரூம் எடுத்து தூங்கியிருக்கிறீர்களா? ராத்திரி முழுக்க தண்ணீர் இரைச்சல். அதுக்கு ஆரம்பமும் கிடையாது, முடிவும் கிடையாது. காது கொடுத்து யாரும் கேட்பதில்லை. ஆனால் நின்னு போனா தூக்கம் கலைஞ்சிடும்.

கலைக் கண்காட்சிகளில் ஒலிக்கும் 'ஆம்பியன்ட் மியூசிக்' இந்த ரகம்தான். ஒரு அறையையே விளக்கு, படம், பொருட்களால் கலைப்படைப்பாக மாற்றுவார்கள். ஜனங்க வருவாங்க, போவாங்க. எந்த நிமிடம் உள்ளே நுழைந்தாலும் பொருந்துகிற மாதிரி இசை இருக்கணும்.

படுக்கையில் கிடைத்த யோசனை

இதுக்கு பேர் வைத்தவர் இங்கிலாந்துக்காரர் பிரையன் ஈனோ. 1975-ல் லண்டனில் டாக்சி மோதி படுத்த படுக்கையானார். சிரமப்பட்டு ஒரு இசைத்தட்டை போட்டுவிட்டு படுத்தால், சத்தம் ரொம்ப குறைவு. எழுந்து கூட்ட தெம்பு இல்லை. வெளியே மழை. மழையோடு சேர்ந்து லேசாக கேட்ட அந்த இசை அவருக்கு பிடித்துப் போச்சு!

1978-ல் 'விமான நிலையங்களுக்கான இசை' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். அதில் ஒரு பகுதிக்கு, பாடிய ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனி டேப்பில் பதிந்து, டேப்பை வளையமாக ஒட்டினார். ஒன்று 23½ விநாடிக்கு ஒருமுறை சுற்றும். இன்னொன்று சுமார் 26 விநாடி. மூன்றாவது சுமார் 30. டேப் நீளமாச்சே, ஸ்டூடியோவில் கிடந்த அலுமினிய நாற்காலிகளை சுற்றி ஓட விட்டாராம்!

இதில் என்ன விசேஷம்? வீரகேரளம்புதூரில் இருந்து சுரண்டைக்கு 23 நிமிடத்துக்கு ஒரு பஸ், தென்காசிக்கு 26 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று வைத்துக்கொள்வோம். (அப்படி விட்டா நல்லாத்தான் இருக்கும்!) காலை 6 மணிக்கு ரெண்டும் சேர்ந்து கிளம்பினால், மறுபடி சேர்ந்து கிளம்புவது மாலை 3.58-க்குத்தான். இசையும் அப்படியே. சுரங்கள் சேரும், பிரியும், அலுக்காது. 2006-ல் இதே கணக்கை கம்ப்யூட்டரில் போட்டு, படமும் இசையும் மாறிக்கொண்டே இருக்கும் கண்காட்சியை ஈனோ நடத்தினார்.

கொச்சியில் 100 மைக்

புளியரை தாண்டினால் கேரளா. கொச்சியில் 2018 டிசம்பர் முதல் 2019 மார்ச் வரை நடந்த பினாலே கலைவிழாவில் மும்பை கலைஞர் ஷில்பா குப்தா ஒரு இருட்டு அறையில் 100 மைக்குகளை தொங்கவிட்டார். கீழே 100 இரும்புக் கம்பிகள், ஒவ்வொன்றிலும் குத்தி வைத்த ஒரு காகிதம். எழுதியதுக்காக, பேசியதுக்காக பல நாடுகளில் ஜெயிலுக்கு போன 100 கவிஞர்களின் வரிகள் அதில் இருந்தன.

இதை இசைன்னு சொல்வதா, ஓலம்னு சொல்வதா தெரியவில்லை. நாம பேசுறதை வாங்க வேண்டிய மைக்கே அங்கே பேசும். ஒரு மைக் ஒரு வரியை சொல்ல, மற்ற 99-ம் அதை திருப்பிச் சொல்லும்.