பிறந்தநாள் படத்தில் விடுபட்ட கூட்டாளி

பிறந்தநாளுக்கு நண்பர்களைத் திரட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போவது நகரத்துப் பிள்ளைகளிடம் ஊன்றிவிட்ட வழக்கம். செகந்தராபாத் கன்டோன்மென்டை ஒட்டிய போவன்பள்ளியில் அந்த நாள் பெரும்பாலும் இப்படிப் போகும்: காலையில் தாட்பண்ட் ஆஞ்சநேயர் கோயில், பகலில் படம், சாயங்காலம் வீட்டில் கேக். எந்தப் படம் என்பதில் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சண்டை மூளாத வகை ஒன்று உண்டென்றால் அது மாயாஜாலம்தான். மந்திரக்கோல், டிராகன், மோதிரம் என்று திரையில் ஓடுகிற கதைகளில் பலவும் ஏதாவதொரு நாவலிலிருந்து எடுக்கப்பட்டவை.

செலவும் சட்டமும் சுருக்கமாக: 2021 டிசம்பரில் தெலங்கானா அரசு மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டுக்கு 250 ரூபாய் உச்சவரம்பு வைத்தது, 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 295. பத்துப் பேர் போனால் 2,950 ரூபாய், பாப்கார்ன் தனி. வெளித் தின்பண்டத்தைத் தடுக்கத் தியேட்டர்களுக்கு உரிமை உண்டென்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் கேக் உள்ளே போகாது. 2025 ஜனவரியில் தெலங்கானா உயர் நீதிமன்றம் 16 வயதுக்கு உட்பட்டவர்களைக் காலை 11 மணிக்கு முன்பும் இரவு 11-க்குப் பின்பும் தியேட்டருக்குள் விடக் கூடாதென்றது. சில வாரங்களில் அந்தத் தடை தளர்ந்தது. காசுக் கணக்கை இதோடு விடலாம். இந்த வழக்கத்தில் கவலைப்பட வேண்டியது வேறொன்று.

இந்தப் படங்களுக்கு மூலமான நாவல்களிலேயே பிறந்தநாள் நிறைய வருகிறது. 1997-இல் வெளிவந்த முதல் ஹாரி பாட்டர் கதை சூடுபிடிப்பதே ஒரு பிறந்தநாள் உலாவில்தான். ஹாரியின் பெரியம்மா மகன் டட்லிக்குப் பிறந்தநாள். குடும்பம் அவனுடைய சிநேகிதன் பியர்ஸையும் கூட்டிக்கொண்டு விலங்குக்காட்சிசாலைக்குப் போகிறது. விட்டுவிட்டுப் போக இடமில்லாததால் ஹாரியும் ஒட்டிக்கொள்கிறான். அங்கே பாம்போடு ஹாரி பேசியதைத் திரும்பும் வழியில் காரிலேயே போட்டுக்கொடுப்பவன் பியர்ஸ். அவன் வாயால்தான் ஹாரிக்கு அதுவரை கண்டிராத நீண்ட தண்டனை வருகிறது. 2001-இல் வந்த படத்தில் பாம்பு இருக்கிறது, அதன் கூண்டுக் கண்ணாடி மறைகிறது, பியர்ஸ் மட்டும் இல்லை. கூட்டாளி இல்லாத பிறந்தநாள் உலா அது.

இரண்டாம் நாவலில் இதைவிட வேடிக்கையான விருந்து ஒன்று உண்டு. பள்ளியில் உலவும் ஆவி ஒன்று தன் 500-ஆவது இறந்தநாளைக் கொண்டாடுகிறது. ஊசிப்போன பதார்த்தங்கள் பரிமாறப்பட, மரியாதைக்காகப் போன ஹாரியும் நண்பர்களும் பசியோடு திரும்புகிறார்கள். எட்டுப் படங்களில் மிக நீளமானது இந்த நாவலின் படம்தான், 161 நிமிடம். அதிலும் இறந்தநாள் விருந்துக்கு இடம் கிடைக்கவில்லை.

டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ தொடங்குவதே பிறந்தநாள் விருந்தில். பில்போவுக்கு 111 வயது, ஃப்ரோடோவுக்கு 33. இருவருக்கும் செப்டம்பர் 22-இல் பிறந்தநாள். ஹாபிட்டுகளிடம் பிறந்தநாள் கொண்டாடுபவரே வந்தவர்களுக்குப் பரிசு கொடுக்கிறார். நம் பள்ளிகளில் புதுச் சட்டையோடு வரும் பிள்ளை வகுப்பு முழுக்க சாக்லேட் நீட்டுவதைப் போலத்தான். 2001-இல் வந்த முதல் படத்தில் விருந்து உண்டு, வாணவேடிக்கை உண்டு. பரிசு கொடுக்கும் வழக்கத்தைத் தியேட்டரில் பார்த்தவர்கள் கண்டிருக்க மாட்டார்கள்.

கதையின் ஆணிவேரும் இன்னொரு பிறந்தநாள்தான். தன் பிறந்தநாளன்று சிநேகிதன் டீகலோடு படகேறிப் போன ஸ்மீகல், டீகலுக்கு ஆற்றில் கிடைத்த மோதிரத்தைப் பிறந்தநாள் பரிசாகக் கேட்கிறான். தன் சக்திக்கு மீறி ஏற்கெனவே பரிசு கொடுத்தாயிற்றே என்கிறான் டீகல். அவன் கழுத்து நெரிபடுகிறது. மூன்றாம் படம் இந்தக் கொலையோடுதான் தொடங்குகிறது. டீகல் ஏற்கெனவே கொடுத்த பரிசைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அந்த ஒரு தகவல் போனதும் நண்பனைக் கொன்ற துரோகம் வெறும் பேராசையாகச் சிறுத்துவிடுகிறது.

இப்படிக் கூட்டாளியை வெட்டிவிடுவது வெள்ளைக்காரர் படங்களுக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. 1951-இல் கே.வி. ரெட்டி இயக்கத்தில் தெலுங்கிலும் தமிழிலும் வந்த ‘பாதாள பைரவி’யின் கதைக்கு மூலம் மதிர சுப்பன்ன தீட்சிதரின் ‘காசி மஜிலீ கதலு’ என்ற தெலுங்குக் கதைத்தொகுதி. மணிசித்தர் என்ற துறவி காசிக்கு நடக்கிறார். துணைக்கு வரும் மாட்டுக்காரப் பையன் போடும் நிபந்தனை, தங்குமிடம் ஒவ்வொன்றிலும் ஒரு கதை சொல்ல வேண்டும் என்பது. நடந்த களைப்போடு ஒருவர் சொல்ல, இன்னொருவன் வாய்பிளந்து கேட்கிற அமைப்பு. திரையில் தோட்ட ராமன் வந்தான், நேபாள மந்திரவாதி வந்தான், கேட்டதைத் தரும் பைரவி சிலை வந்தது. சித்தரும் பையனும் வழியிலேயே நின்றுவிட்டார்கள். இத்தனைக்கும் அந்தப் படத்தை எடுத்தவர்கள், 1947 ஜூலையில் தெலுங்கில் ‘சந்தமாமா’, தமிழில் ‘அம்புலிமாமா’ என்று சிறுவர் இதழ்கள் தொடங்கியவர்கள். கதை கேட்கும் பிள்ளையை அவர்களைவிட அறிந்தவர் குறைவு.

சினிமா அதிசயத்தை அள்ளிக்கொள்கிறது, அதை உடனிருந்து பார்த்தவனை உதறிவிடுகிறது. டிராகனுக்கும் கோட்டைக்கும் கோடிகளைக் கொட்டலாம். கோள்மூட்டும் சிநேகிதனுக்கு மூன்று நிமிடம் ஒதுக்க மனம் வருவதில்லை. பிறந்தநாளுக்குக் கூடிய பத்துப் பிள்ளைகள் இருட்டில் வரிசையாக உட்கார்ந்து, பேசாமல், கூட்டாளி நீக்கப்பட்ட கதையைப் பார்த்துவிட்டு எழுகிறார்கள். இடைவேளையில் பேசலாமே என்றால், அந்த நேரம் பாப்கார்ன் வரிசையில் போய்விடுகிறது.

எல்லாவற்றையும் திரையில் அடக்க முடியாது என்பார்கள் படமெடுப்பவர்கள். ஹாரி பாட்டர் வரிசையில் மிகப் பெரிய நாவலான ஐந்தாவதற்குக் கிடைத்ததே 138 நிமிடம்தான். படம் பார்த்த பிறகு புத்தகத்தைத் தேடிப்போகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஆனால் பிறந்தநாள் அவசரத்தில் ஒரு நாவலை முழுக்கப் படிக்கவைப்பது நடக்காத காரியம். ஒரு அத்தியாயம் நடக்கும். முதல் ஹாரி பாட்டர் நாவலின் இரண்டாம் அத்தியாயம் விலங்குக்காட்சிசாலை உலா. வாய்விட்டுப் படித்தால் ஏறக்குறைய அரை மணி நேரம். தமிழில் அந்த நாவல் ‘ஹாரி பாட்டரும் ரசவாதக் கல்லும்’ என்று வந்திருக்கிறது, தெலுங்கிலும் மொழிபெயர்ப்பு உண்டு. தமிழ் வீட்டுப் பிள்ளையும் தெலுங்கு வீட்டுப் பிள்ளையும் ஒரே பிறந்தநாளுக்கு வரும் போவன்பள்ளியில் இரண்டும் தேவைப்படும். கேக் வெட்டிய பிறகு ஆளுக்கு ஒரு பக்கமாகப் படித்தால், பியர்ஸின் பகுதியை யார் படிப்பதென்று அடிதடி வரக்கூடும்.