மூட்டையின் எடையும் மின்தடையங்களின் பிணைப்பும்

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வந்து சேரும் நெல்லும் மணிலாவும் எடைத்தட்டில் ஏறி இறங்கிய பின்னரே பணமாகின்றன. கோட்டைக் குன்றுகளின் அடிவாரம் தொடங்கி, வடக்கே மகேந்திரவர்ம பல்லவனின் குடைவரைக் கோயில் அமைந்த சீயமங்கலம் வரையில் பாறைகளுக்கிடையே கிடக்கும் நிலங்களில் ஒரு பருவம் முழுவதும் பாடுபட்ட உழவருக்கு அந்த எடையே உழைப்பின் கணக்கு என்பதால், மின்னணுத் தராசில் ஒளிரும் எண் எங்கிருந்து பிறக்கிறது என்பதை அறியும் உரிமை அவருக்கு உண்டு. அந்த எண், ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட நான்கு மின்தடையங்களிலிருந்து பிறக்கிறது.

மின்தடையம் என்பது, ரேடியோ பழுதுபார்ப்பவர்கள் ரெசிஸ்டர் என்று வழங்கும், மின்னோட்டத்தை ஓரளவுக்குத் தடுக்கும் சிறு உறுப்பாகும். அதன் தடுக்கும் திறன் ஓம் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. தராசுத் தட்டுக்கு அடியில் உள்ள அலுமினியக் கட்டையில், லோடு செல் எனப்படும் அவ்வுறுப்பில், மெல்லிய உலோகத்தாளை நெளிநெளியான கோடுகளாக அமைத்துச் செய்யப்பட்ட நான்கு மின்தடையங்கள் ஒட்டப்பட்டிருக்கும். மூட்டையின் சுமையால் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும்போது, இரண்டு மின்தடையங்கள் நீண்டு தடை கூடுகின்றன. மற்ற இரண்டும் சுருங்கித் தடை குறைகின்றன. இவ்வாறு வளைவுக்கேற்பத் தடை மாறும் மின்தடையம் திரிபு அளவி எனப்படும். உலோகத்தாளுக்குப் பதிலாக மெல்லிய கம்பியால் ஆன அதன் முந்தைய வடிவை 1938-இல் அமெரிக்காவில் எட்வர்டு சிம்மன்சு, ஆர்தர் ரூக் என்னும் இருவர் ஒருவரையொருவர் அறியாமலே உருவாக்கினர்.

மாற்றமோ மிகச் சிறியது. 350 ஓம் தடையுள்ள அளவியில், முழுச் சுமையின்போதும் ஏறத்தாழ 0.7 ஓம் மட்டுமே மாறும். சித்திரை வெயிலில் தட்டு சூடேறினாலும் தடை மாறும் என்பதால், ஒரே ஒரு மின்தடையத்தை நம்பி எடை போட்டால் வெயிலின் கணக்கும் மூட்டையின் கணக்கும் கலந்துவிடும். இதற்கான தீர்வு மின்னணுத் தராசு பிறப்பதற்கு நெடுநாள் முன்பே, 1833-இல், சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி என்பவரால் கண்டறியப்பட்டு, 1843-இல் சார்லஸ் வீட்ஸ்டனால் பரவலாக அறிமுகமாகி, இன்று பள்ளிப் பாடநூல்களில் வீட்ஸ்டன் சமனச்சுற்று என்று இடம்பெறுகிறது. நான்கு மின்தடையங்களையும் ஒரு சதுரத்தின் நான்கு பக்கங்களாக இணைத்து, எதிரெதிர் மூலைகள் இரண்டில் மின்னழுத்தம் கொடுத்து, மற்ற இரு மூலைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை மட்டும் அளப்பதே அம்முறை. நான்கும் ஒருசேரச் சூடேறினால் அவற்றின் விகிதம் குலையாததால் வேறுபாடு தோன்றுவதில்லை. சுமை ஏறி இரண்டு கூடி இரண்டு குறையும்போதுதான் அது தோன்றுகிறது. சான்றாக, 200 கிலோ வரை தாங்கும் லோடு செல்லுக்கு 5 வோல்ட் கொடுத்தால், முழுச் சுமைக்குக் கிடைப்பது பொதுவாக 10 மில்லிவோல்ட். 75 கிலோ நெல் மூட்டைக்கு 3.75 மில்லிவோல்ட், 100 கிராமுக்கு ஒரு வோல்ட்டின் பத்து இலட்சத்தில் ஐந்து பங்கு. இத்தனை நுண்ணிய அளவில் உழவரின் வருவாய் தங்கியிருப்பது எண்ணிப் பார்க்க வேண்டியது.

விகிதத்தைக் காக்கும் இந்தத் தேவைக்கு, பல மின்தடையங்களை ஒரே உறையில் அடக்கிய மின்தடையத் தொகுதி என்னும் உறுப்பும் உதவுகிறது. பீங்கான் தகட்டின் மீது உலோக ஆக்சைடு கலந்த பசையை அச்சிட்டு, ஏறத்தாழ 850 பாகை வெப்பத்தில் சுட்டு, லேசர் கதிரால் செதுக்கி அளவு திருத்துவர். ஒரே தகட்டில் ஒரே சூட்டில் பிறந்தவை ஆதலால், பின்னாளில் அவை மாறினாலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே மாறும். சீப்பு போல ஒரே வரிசையில் ஒன்பது கால்கள் கொண்டதில் எட்டு மின்தடையங்கள் இருக்கும். அவை ஒவ்வொன்றின் ஒரு முனையும் பொதுவான ஒரே காலில் சேரும்; அக்கால் புள்ளியிட்டுக் காட்டப்படும். உறையின் மேல் 103 என்றிருந்தால் 10-ஐ அடுத்து மூன்று பூச்சியம், அதாவது 10,000 ஓம்.

தொகுதிகளுள் அழகு மிக்கது ஏணி வடிவத் தொகுதி. ஓர் அளவும் அதன் இருமடங்கும் ஆகிய இரண்டே மதிப்புள்ள மின்தடையங்களால் ஆன அதில், ஒவ்வொரு சந்தியிலும் மின்னோட்டம் இரு சமவழிகளைக் கண்டு பாதிபாதியாகப் பிரிகிறது. முதற்படியில் அரை, அடுத்து கால், பின் அரைக்கால், பின் வீசம் எனத் தமிழ்க் கணக்கின் பின்ன வரிசையே அதில் இறங்கி வருகிறது. கணினி இரும எண்ணாக 1011 என்று சொன்னால், அரையும் அரைக்காலும் வீசமும் கூடிப் பதினாறில் பதினொரு பங்கு மின்னழுத்தம் கிடைக்கும். எண்ணாகப் பதிந்த இசை ஒலிபெருக்கியில் ஒலிப்பதற்கு இவ்வேணி பயன்படும் கருவிகள் பல உண்டு.

லாரியோடு எடை போடும் எடைமேடையில் பல லோடு செல்கள் இருப்பதால், அவற்றை ஒன்றுசேர்க்கும் இணைப்புப் பெட்டியிலும் திருத்த மின்தடையங்கள் அமைந்திருக்கும். ஒரே எடைக்கல்லை மேடையின் ஒவ்வொரு மூலையிலும் மாற்றி வைக்கும்போது எண் மாறுபட்டால், அம்மின்தடையங்களைத் திருத்தியே சமப்படுத்துவர். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்படி மின்னணுத் தராசுகள் ஆண்டுதோறும் சோதித்து முத்திரையிடப்பட வேண்டும்; தமிழ்நாட்டில் அப்பணி தொழிலாளர் துறையைச் சேர்ந்தது. அந்த முத்திரையின் ஆண்டைப் பார்த்துவிட்டு மூட்டையை ஏற்றச் சொல்வதற்கு எந்த உழவரும் தயங்க வேண்டியதில்லை.